பழகிய முகம் மீண்டும் அறியாத முகமாகும்போது

மார்த்தாண்டம் அருகே முதுகலை படிப்பதாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு சகோதரி கேட்டிருப்பது இதுதான்: நண்பர்களாகத் தொடங்கி மிக மெதுவாகக் காதலர்களாகும் இருவரைப் பற்றிய நாவல்களையே அவர் திரும்பத் திரும்பத் தேடிப் படிக்கிறார். 400 பக்கக் கதையில் 350ஆம் பக்கத்தில்தான் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கிறார்கள். அதற்காக இத்தனை இரவு விழித்திருக்க வேண்டுமா என்று விடுதி அறைத்தோழி சிரிக்கிறார். இந்த ஈர்ப்புக்குக் காரணம் என்ன, இது நிஜ மனிதர்களிடமிருந்து ஒதுங்கிக்கொள்ளும் பழக்கமா என்று இரண்டு கேள்விகள் எழுதியிருக்கிறார். அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று இருப்பதாக எனக்குப் பட்டது. இருவரும் சேரப்போகிறார்கள் என்பது அட்டையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்ட பிறகும், அந்த 350ஆம் பக்கத்தில் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொள்கிறது என்பதே அது. என் பதில் பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்விக்கானது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இருபத்தேழு ஆண்டுகள் இந்தக் குமரி மாவட்டக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தேன். அகப்பாடல்களே அதிகம் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு நாகர்கோவிலில் மாதம் ஒருமுறை கூடும் பெண்கள் வாசிப்பு வட்டத்தில் இருக்கிறேன். இணையத்தில் தொடர்கதை எழுதும் பழைய மாணவிகள் சிலர் அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியை என்னிடம் தருவார்கள். ஆகவே நூல்களிலும் கதைக்கட்டமைப்பிலும் நான் சொல்வதைத் துணிந்து சொல்கிறேன். மனித மனம் எப்படி இயங்குகிறது என்ற பகுதியில் நான் உளவியல் பயின்றவள் அல்லள். அங்கே நான் சொல்வதை ஒரு வாசகியின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாக நகர்வதாலேயே இக்கதைகள் பிடிக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெதுவாக நகரும் கதைகள் ஏராளம், அவற்றுள் பல அலுப்பூட்டுகின்றன. வேறொரு காரணத்தைத் திருக்குறளின் இரண்டு குறட்பாக்களை அருகருகே வைத்துப் பாடம் நடத்தியபோது கண்டுகொண்டேன். நட்பு அதிகாரத்தில் 783ஆம் குறள், பண்புடையவரின் நட்பு படிக்கப் படிக்க நூல் தரும் இன்பம் போன்றது என்கிறது: ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு.’ இன்பத்துப்பாலில் 1110ஆம் குறளும் காதலைக் கல்வியோடுதான் ஒப்பிடுகிறது. ஆனால் திசை வேறு: ‘அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம் செறிதோறும் சேயிழை மாட்டு.’ கற்கக் கற்க இதுவரை எவ்வளவு அறியாதிருந்தோம் என்பது தெரியவருவது போல, நெருங்க நெருங்க அவளிடம் அறியாதவை தென்படுகின்றன. நட்பில் அறிந்ததையே மீண்டும் சுவைக்கிறோம். காதலில் அறிந்தது என்று நினைத்ததே அறியாததாகிவிடுகிறது. நட்பு காதலாகும் கதை இந்த முதல் குறளிலிருந்து இரண்டாவது குறளுக்கு நடக்கும் பயணம். பத்தாண்டு பழகியவன், எந்தச் சொல்லுக்கு எப்படிச் சிரிப்பான் என்பது வரை தெரிந்தவன், ஒருநாள் சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கும்போது முன்பின் தெரியாதவனாக நிற்கிறான். நெஞ்சு அடித்துக்கொள்வது அந்த இடத்தில்தான். இருவரும் சேர்வார்களா என்ற ஐயம் அங்கே வேலை செய்யவில்லை. தனக்குத் தெரியும் என்று இருந்த ஒன்று கைநழுவும் அதிர்ச்சியே வேலை செய்கிறது. அந்த அதிர்ச்சிக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்திருப்பது இடையூறு ஆவதில்லை.

முன்பின் அறியாத இருவர் சந்தித்த கணத்திலேயே மனம் கலக்கும் கதையில் இது நிகழ வழியில்லை. அங்கே நழுவுவதற்கு முன்னறிவு எதுவும் இல்லை. இழப்பதற்கும் அதிகம் இல்லை.

ஆங்கிலத்தில் இவ்வகைக்கு முன்னோடியாக ஜேன் ஆஸ்டின் 1815 டிசம்பரில் வெளியிட்ட ‘எம்மா’வைத்தான் காட்டுவேன். எம்மாவுக்கு இருபத்தொரு வயது கூட நிறையவில்லை. குடும்ப நண்பரான நைட்லி அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். அவள் தவறைத் தவறென்று முகத்துக்கு நேரே சொல்லும் ஒரே ஆள் அவர்தான். நாவலில் மொத்தம் 55 அத்தியாயங்கள். தன் மனம் யாரிடம் இருக்கிறது என்பதை எம்மா அறிவது 47ஆம் அத்தியாயத்தில். அவளுடைய இளம் தோழி ஹாரியட், தனக்கு நைட்லி மேல் ஆசை இருப்பதாகச் சொல்கிறாள். நைட்லி தன்னைத் தவிர வேறு யாரையும் மணக்கக் கூடாது என்ற எண்ணம் அம்பு போல எம்மாவுக்குள் பாய்கிறது. இதை முதல்முறை படித்தபோது நான் செய்தது இன்றும் நினைவிருக்கிறது. மேலே படிக்காமல் முன்பக்கங்களுக்குத் திரும்பினேன். அவர் நடன அரங்கில் நின்ற இடம், அவளோடு சச்சரவிட்ட இடங்கள் எல்லாம் இப்போது வேறொரு கதையைச் சொல்லின. ஒரே நூலுக்குள் இரண்டு நூல்கள் இருப்பதும், இரண்டாவது நூலைத் திறக்கும் சாவி கடைசிக்கு அருகில் கிடைப்பதும்தான் நீங்கள் இவற்றைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். முதல் வாசிப்பில் நீங்கள் கதாநாயகியோடு சேர்ந்து அறியாமலிருக்கிறீர்கள், அல்லது அவளுக்குச் சற்று முன்னே ஓடுகிறீர்கள். அடுத்த வாசிப்பில் அவள் கவனிக்காமல் விட்ட ஒவ்வொன்றையும் நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கிறீர்கள்.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த சுவையா, நம்மிடமும் இருந்ததா என்று வகுப்பில் கேட்பார்கள். இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் அகமரபின் பெருவழி இதற்கு நேர்எதிரானது. தொல்காப்பியம் களவை, அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலைத் தொடங்குவதே ஊழின் ஆணையால் ஒத்த இருவர் ஒருவரை ஒருவர் காணும் கணத்திலிருந்துதான். குறுந்தொகை 40ஆம் பாடலில் உன் தாயும் என் தாயும் யார் யாரோ என்று வியப்பதும் முன் தொடர்பில்லாத இருவரின் வியப்பே. ஆகவே மெல்லக் கனியும் காதலே தமிழ் மரபு என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். ஆனால் பெருவழிக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. அந்தப் பாதையில் இரண்டு பாடல்கள் மிகத் தெளிவாக நிற்கின்றன.

ஒன்று குறுந்தொகை 229, மோதாசனார் பாடியது. வீட்டைவிட்டு உடன்போகும் ஓர் இணையைப் பாலை வழியில் பார்த்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள். சிறு வயதில் இவன் இவளுடைய கூந்தலைப் பிடித்து இழுப்பான், இவள் இவனுடைய தலைமயிரைப் பற்றி வளைத்து இழுத்துவிட்டு ஓடுவாள், அன்புள்ள செவிலித்தாயர் தடுத்தும் ஓயாமல் சண்டையிடுவார்கள். இப்போதோ இரட்டை மலர்மாலை போல இருக்கிறார்கள், இதைக் காட்டிய விதியே நீ நல்லை என்று முடிகிறது பாட்டு. ‘துணை மலர்ப் பிணையல்’ என்பது மூலத்தின் சொல். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ கட்டுபவர்களின் விரலைச் சற்றுநேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. பூக்களை எதிரெதிராக வைத்து, காம்பும் காம்பும் சேரும் இடத்தில் நாரைச் சுற்றி இழுப்பார்கள். எதிரெதிராக இருந்தால்தான் முடிச்சு நிற்கும். சிறுவயதுச் சண்டையையும் பின்வந்த காதலையும் அப்புலவர் ஏழே அடிகளில் அருகருகே வைத்துவிட்டு, இடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். இன்றைய நாவலாசிரியர் 400 பக்கம் எழுதுவது அந்த விடுபட்ட இடத்தைத்தான்.

மற்றது கலித்தொகையின் 51ஆம் பாடல், கபிலருடையது. தலைவி தோழிக்குச் சொல்கிறாள்: தெருவில் நாம் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்து, சூடியிருந்த மாலையை அறுத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவானே அந்தப் பட்டிப் பயல், அவன் ஒருநாள் நானும் அன்னையும் இருந்தபோது வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். அன்னை பொற்கலத்தில் நீர் கொடுத்துவிட்டு வா என்றாள். வந்தவன் அவன் என்று தெரியாமல் போனேன். சட்டென்று என் முன்கையைப் பற்றிவிட்டான். திடுக்கிட்டு, ‘அன்னாய், இவன் ஒருவன் செய்தது காண்’ என்று கத்திவிட்டேன். அன்னை அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அப்போது நான், ‘உண்ணு நீர் விக்கினான்’ என்று சொல்லிவிட்டேன். அன்னை அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தான். கேளாமல் கையைப் பற்றியதை என் மாணவிகள் கேள்வி கேட்பார்கள். கேட்பது சரியே, அதை நான் மறுத்ததில்லை. நான் அவர்களைப் பார்க்கச் சொல்வது அந்தப் பொய்யை. கத்தியது சிறுவயதுத் தோழி. விக்கினான் என்று சொன்னவள் வேறொருத்தி. இரண்டு வாக்கியங்களுக்கு இடையில், தாய் உள்ளிருந்து வாசலுக்கு வந்துசேரும் நேரத்துக்குள், அவள் மாறிவிட்டாள். தன் வாயிலிருந்து வந்த பொய்யைக் கேட்டுத்தான் அவளுக்கே அது தெரிகிறது. இத்தனை கூர்மையாக இந்தத் திருப்பத்தைக் காட்டிய இடத்தை வேறு எங்கும் நான் படித்ததில்லை.

இப்போது தமிழுக்கே உரிய ஒரு வசதியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் படிப்பதைவிடத் தமிழில் எழுதப்பட்ட இத்தகைய கதைகள் உங்களை அதிகம் உலுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் நண்பனையும் காதலனையும் அழைக்க ஒரே முன்னிலைச் சொல்தான். நமக்கு நீயும் நீங்களும் இருக்கின்றன, டாவும் டியும் இருக்கின்றன, நம் ஊரில் லேயும் மக்காவும் இருக்கின்றன. அண்ணா என்ற ஒரு சொல்லால் ஒரு கதவைச் சாத்திவிட முடியும், பிறகு அந்தச் சொல்லைச் சொல்லாமல் விடுவதாலேயே கதவைத் திறக்கவும் முடியும். கைப்பிரதிகளில் நான் முதலில் பார்ப்பது இந்த விளிச்சொற்களைத்தான். நல்ல எழுத்தாளர்கள் இடைப்பகுதியில் விளியையே எடுத்துவிடுகிறார்கள். நேற்றுவரை ‘லே, சாப்பிட்டியா’ என்று கேட்டவள் இன்று ‘சாப்பிட்டாச்சா’ என்கிறாள். ‘நீ வாறியா’ என்பது ‘கிளம்பலாமா’ என்று ஆகிறது. யாரை நோக்கிய வினை என்பதை விழுங்கிவிடும் இத்தகைய வாக்கியங்கள் தமிழில் இயல்பாக அமைகின்றன. பழைய உரிமையோடு நீ என்று சொல்லவும் நா எழவில்லை, நீங்கள் என்று சொன்னால் வெளிப்பட்டுவிடும். அந்த இடைவெளியில் இருவரும் ஐம்பது பக்கம் நடக்கலாம். குறள் 1099 சொல்வதும் இதுவே: அயலார் போலப் பொதுவாகப் பார்ப்பது காதலரிடம் மட்டுமே உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் காதலின் தொடக்கக் குறிகளுள் ஒன்றாக ‘நகுநயம் மறைத்தல்’ என்பதை வைக்கிறது. அதுவரை வாய்விட்டுச் சிரித்தவர்கள் சிரிப்பை மறைக்கத் தொடங்குவது, முன்பழக்கம் இல்லாதவர் சிரிப்பை மறைப்பதைவிடப் பல மடங்கு பொருள் உடையது. நண்பர்களிடம்தான் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு கைப்பிரதியிலிருந்து ஓர் இடத்தைச் சொல்கிறேன். எழுதியவர் என் பழைய மாணவி. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். குலசேகரத்திலிருந்து திருவட்டாறு, அழகியமண்டபம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு ஒரே பேருந்தில் மூன்று ஆண்டுகள் கல்லூரிக்கு வரும் இருவர். அவள் பெண்கள் இருக்கையில் ஜன்னலோரம், அவன் அதற்குப் பின்னிருக்கையில். அவள் பக்கத்து ஜன்னலின் ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் சிக்கிக்கொள்ளும். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சாரல் அடிக்கும்போதெல்லாம் அவன் பின்னாலிருந்து எழுந்து ஒரு தட்டு தட்டி அதை இறக்கிவிடுவான். அவள் நன்றிகூடச் சொல்வதில்லை, படிப்பதை நிறுத்துவதும் இல்லை. முதல் வடிவத்தில் ஆறாவது அத்தியாயத்திலேயே மழையில் நனைந்துகொண்டு அவன் காதலைச் சொல்லிவிட்டான். அதை எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டேன். நான்கு மாதம் கழித்து இரண்டாவது வடிவம் வந்தது. அதில் ஒருநாள் அவள் வரவில்லை. காய்ச்சல். அழகியமண்டபம் தாண்டியதும் மழை பிடிக்கிறது. அவன் எழுந்து, காலியாக இருக்கும் அந்த இருக்கையின் ஷட்டரைத் தட்டி இறக்குகிறான். அதற்குப் பிறகுதான் இருக்கையைப் பார்க்கிறான். கம்பியைப் பிடித்தபடி தக்கலை வரை நின்றுகொண்டே போகிறான். அவ்வளவுதான் அத்தியாயம். எங்கள் வட்டத்தில் அதை வாசித்தபோது பேச்சு எழவில்லை. காதல் என்ற சொல் அங்கே இல்லை. மூன்று ஆண்டின் பழக்கம் ஒன்று, ஆளில்லாத இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இந்த இடம் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன் குறைந்தது எட்டுப் பத்து முறை அந்த ஷட்டர் சாதாரணமாக இறங்கியிருக்க வேண்டும், வாசகர் அதைக் கவனிக்காத அளவுக்குச் சாதாரணமாக. மெதுவாக நகர்வதற்கு உண்மையான தேவை இதுதான். பழக்கம் என்பதைச் சுருக்கிச் சொல்ல இயலாது. மூன்று ஆண்டுகள் நண்பர்களாக இருந்தார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் நாம் நம்புவோம், ஆனால் நமக்குள் அந்தப் பழக்கம் உருவாகியிருக்காது.

இழப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊரில் அதற்குத் தனிக் கனம் உண்டு. ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருப்பது இங்கே பலருக்கு எளிதில் கிடைப்பதில்லை. டியூஷன், பக்கத்து வீடு, கல்லூரிப் பேருந்து, ஆலயப் பாடகர் குழு, டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகப் போகும் கேரல் குழு என்று ஊர் ஒப்புக்கொண்ட சில இடங்களில்தான் அது முளைக்கிறது. அந்த நட்பைத் தாங்கி நிற்பது இரண்டு குடும்பங்களின் நம்பிக்கை. ஒருவர் வாய்திறந்து மற்றவர் மறுத்துவிட்டால் போவது அந்த இருவரின் பேச்சு மட்டுமல்ல. இரு வீட்டு மதில்களுக்கு இடையில் இருந்த சிறுநடை அடைபடும், அம்மாக்கள் கொடுத்து வாங்கிய பலாச்சுளையும் குழம்புக் கிண்ணமும் நிற்கும், அடுத்த கேரல் இரவில் ஒருவர் வரமாட்டார். சங்கப்பாடல்கள் அலர், அதாவது ஊர்ப்பேச்சு என்று அஞ்சியதும் இதைத்தான். ஆகவே நம் கதாநாயகி 300 பக்கம் பேசாமலிருப்பதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. அவள் கையில் இருப்பது மிக அரிய பொருள், அதைவிட அரியது ஒன்று கிடைக்கலாம் என்பதற்காக அதைப் பணயம் வைக்கலாமா என்று எடை பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த எடை எழுத்தில் உணரப்படாவிட்டால் தாமதம் வெறும் தாமதமாகிவிடும்.

அப்படி வெறும் தாமதமாகிவிட்ட நாவல்களே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஓர் அத்தியாயம் என்று வெளியிடும்போது, சொல்லவந்ததைத் தொலைபேசி மணி தடுப்பதும், கடிதம் கைமாறுவதும், இல்லாத ஒரு நிச்சயதார்த்தத்தை யாரோ வந்து சொல்வதும் கதையை நீட்ட உதவுகின்றன. நம் குமரி முனையில் நிற்கும் அம்மனின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. சுசீந்திரத்திலிருந்து ஈசன் மணமகனாகப் புறப்பட்டு வர, நாரதர் சேவலாகக் கூவ, விடிந்துவிட்டதென்று அவர் திரும்பிவிட, சமைக்க வைத்த அரிசியும் தானியமும் கரையில் மணலாகக் கிடக்கின்றன என்பார்கள். காத்திருப்பின் மிகப் பெரிய உருவம் அது. ஆனால் அந்தக் காத்திருப்பில் இருவருக்கிடையில் எதுவும் வளர்வதில்லை, வளர வேண்டும் என்று அந்தக் கதை கேட்பதும் இல்லை. மெல்லக் கனியும் காதலில் ஒவ்வொரு அத்தியாயத்துக்குப் பிறகும் இருவரும் முன்பிருந்த இடத்தில் இருக்கக் கூடாது. சேவல் கூவிக்கொண்டே இருப்பதால் மட்டும் தள்ளிப்போகும் கதையை நடுவில் மூடிவைத்துவிடுங்கள். அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம்.

இன்னொரு வகைக் கதையைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். முதல் பக்கத்திலிருந்தே அவளைக் காதலித்துக்கொண்டு, அதை மறைத்து, நண்பன் என்ற பெயரில் அருகிலிருந்து, அவள் மனம் மாறும் நாளுக்காகக் கணக்குப் பார்க்கும் நாயகன் சில நாவல்களில் வருகிறான். அதை நட்பு காதலான கதை என்று விற்கிறார்கள். அங்கே நட்பே இருக்கவில்லை, ஒரு வேடம் இருந்தது. இதைப் படித்து வளரும் இளைஞர்கள், தோழி காட்டும் பரிவுக்குள் காதல் ஒளிந்திருப்பதாகவும் பொறுத்திருந்தால் அது வெளிவந்தே தீரும் என்றும் நம்பத் தொடங்குகிறார்கள். அதனால் பெண்கள் படும் தொல்லையை ஆசிரியையாக நேரில் பார்த்திருக்கிறேன். நட்பு நட்பாகவே முழுமை பெறவும் உரிமை உண்டு. லூயிசா மே ஆல்காட், 1868இல் தன் ‘லிட்டில் விமன்’ நாவலின் முதல் பகுதி வெளிவந்ததும் அதில் நண்பர்களாக வரும் ஜோவுக்கும் லாரிக்கும் மணம் செய்துவைக்கும்படி வாசகிகள் வற்புறுத்தியபோது, யாரை மகிழ்விப்பதற்காகவும் அதைச் செய்யமாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதினார், அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பகுதியில் லாரியின் காதலை ஜோ மறுக்கும்படியே எழுதவும் செய்தார். மெல்லக் கனியும் கதைகளை விரும்புகிறவர்கள் கனியாத இந்தக் கதையையும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இது வாழ்க்கையிலிருந்து ஒதுங்குவதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனு ஆந்தனி ஸ்டின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1,900 பேரிடம் கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கினர், தங்கள் துணைவர் முதலில் நண்பராகவே இருந்தார் என்றார்கள். மாணவர்களிடையே காதலுக்கு முந்தைய நட்பின் சராசரிக் காலம் ஏறக்குறைய 22 மாதம். பெரும்பாலோர் காதல் நோக்கத்தோடு அந்த நட்பைத் தொடங்கவில்லை. ஆய்வுலகம் நெடுங்காலமாக, அறிமுகமற்றவரிடையே தோன்றும் ஈர்ப்பையே அதிகம் கவனித்திருக்கிறது என்பதையும் அவர்கள் சுட்டினார்கள். நம் இலக்கணமும் அதையே செய்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இதைக் கனடா, அமெரிக்கா நாட்டவரின் கணக்காக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பார்த்து மணம் முடிக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் ஊருக்கு அந்த எண் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் நாவல்கள் காட்டுவது நிஜத்தில் இல்லாத ஓர் உலகம் என்ற குற்றச்சாட்டு நிற்காது என்பதற்கு அது போதும்.

உளவியலில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று, திரும்பத் திரும்பக் காண்பதே விருப்பத்தை வளர்க்கும் என்பது. ராபர்ட் சயோன்ஸ் 1968இல் அதை எழுதினார். அதற்கு எதிர்த்திசையில், ஒரே வீட்டில் குழந்தைப் பருவம் முதல் சேர்ந்து வளர்ந்தவர்களிடம் பின்னாளில் காதல் ஈர்ப்பு எழுவதில்லை என்று எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இலேயே வாதிட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது, இது என் ஊகம் மட்டுமே: நம் பக்கத்துக் கதைகளில் பக்கத்து வீட்டுப் பையன் ஐந்தாண்டு வளைகுடாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது வெறும் வழக்கத்தால் அல்ல. பழகிய முகத்தை அறியாத முகமாக்க ஒரு பிரிவு தேவைப்படுகிறது. குறள் சொன்ன அந்த அறியாமையை எழுத்தாளர் விமானச்சீட்டு வாங்கி உண்டாக்குகிறார்.

உங்கள் பழக்கத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவே. இந்த நாவல்களைப் படித்த பிறகு உங்கள் நண்பர்களை முன்னைவிடக் கூர்ந்து கவனிக்கிறீர்கள் என்றால் நீங்கள் எதிலிருந்தும் ஒதுங்கவில்லை. படித்துவிட்டு நண்பர்கள் எவரும் அந்த நாயகனைப் போல இல்லை என்று பேச்சைக் குறைத்துக்கொள்கிறீர்கள் என்றால் சற்று நிறுத்திப் பார்க்கலாம். இதற்குமேல் மனம் வருந்தும்படி ஏதேனும் இருந்தால், ஆசிரியையிடம் கேட்பதைவிட உளநல ஆலோசகரிடம் கேட்பதே நல்லது.

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில், காதலைச் சொல்லிக்கொண்ட பிறகு வரும் பக்கங்கள் உங்களுக்குச் சப்பென்று இருப்பதாகவும், அது உங்கள் குறையா என்றும் கேட்டிருந்தீர்கள். குறை பெரும்பாலும் நூலினுடையது. காதல் வந்ததும் பல எழுத்தாளர்கள் நட்பை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். அதுவரை தேங்காய்க்கும் மாங்காய்க்கும் சண்டை போட்ட இருவரும் திடீரென்று ஒருவரை ஒருவர் புகழ்ந்து பேசுகிறார்கள். எங்கள் வட்டத்தில் தக்கலைப் பக்கத்தில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். படிக்கும் நூலில் பிடித்த இடத்தை அளவெடுக்கும் சாக்கட்டியால் கோடிடுவார், பிறகு துடைத்துவிடலாம் என்பார். நான் சொன்ன பேருந்துக் கதையின் அச்சுப்பிரதியில் அவர் கோடிட்டிருந்தது காலி இருக்கையையும் அல்ல, கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவர்கள் மனம்திறந்து பேசிய இடத்தையும் அல்ல. மணமாகி நான்கு மாதம் கழித்து ஒரு மாலை. அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும். கிழங்கின் மேல் குழம்பு பட்டுவிட்டால் அவள் தொடமாட்டாள் என்பது கல்லூரி நாளிலிருந்து அவனுக்குத் தெரியும். அவளுடைய குழம்பைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறான். அவள் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தாமல், ‘லே, முள்ளு எடுத்தியா?’ என்று கேட்கிறாள். ‘உனக்குக் கையில்லியா?’ என்று சொல்லிக்கொண்டே அவன் முள் எடுக்க உட்காருகிறான். சாக்கட்டிக் கோடு அந்த ‘லே’க்கு அடியில் இருந்தது.